தொர பேசுற பாஷை

"மிஸ், 'யூ வான்ட் வாட்டர்'னு ஒருத்தர் சொன்னா, தாகம் யாருக்கு மிஸ்?"

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போயிருந்தார்கள். நாகவல்லி மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தாள்.

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ரேணுகா திரும்பினாள். "எதிர்ல இருக்கறவருக்குத்தான். யூ-ன்னா நீங்க. 'உங்களுக்குத் தண்ணி வேணும்'னு அர்த்தம்."

"சொல்றவருக்கே தாகமா இருந்தா?"

"அப்போ 'ஐ வான்ட் வாட்டர்'. எழுவாய் 'ஐ'. மாத்திச் சொன்னா தப்பு."

"அவரு அப்டித்தான் மிஸ் மாத்திச் சொல்றாரு. நான் கொண்டாந்து குடுத்தா, மடமடன்னு குடிச்சிடறாரு."

பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில், ஒரு மாடி அறையில், ரேணுகா மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் நாகவல்லி எதற்காக வருகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை. ஷிஃப்ட் முடித்து வேப்பம்பட்டுக்குப் போகிறவள், பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கி வந்துவிடுவாள். கண் சொருகும். ஆனால் வகுப்பைத் தவறவிட்டதில்லை.

"யாரு அவரு?"

"எங்க ஊட்டு தொர." நாகவல்லி சிரித்தாள். "தமிழ்ல ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எது வந்தாலும் இங்கிலீஷ்தான். அதான் நானும் இந்த வயசுல படிக்க வந்துகீறேன்."

"தமிழே தெரியாதா?"

"காதுல வுழும். புரியுதா, புரியலையான்னு எனக்குத் தெரில மிஸ். மூஞ்சியே பாக்க மாட்டாரு. நான் வேலைலேர்ந்து போயி எதிர்ல நின்னா, செவுத்தப் பாத்துகினு இருப்பாரு. கிட்டப் போயி தொட்டா கைய ஒதறிடுவாரு."

ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. துடைப்பானைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"மொதல்லேர்ந்தே."

"நீங்க எதுவும் கேக்கறதில்லையா?"

"கேப்பேன். பதில் வராது. நான் கேக்கறதுலதான் தப்பு கீதுன்னு தோணுது. கேள்வி கேட்டா வார்த்தை எடம் மாறும்னு நேத்து சொன்னீங்களே, அத மட்டும் இன்னொரு வாட்டி சொல்லிக் குடுங்க மிஸ். சரியா கேட்டேன்னா சொல்லிடுவாரு."

"தப்பு உங்ககிட்ட இல்ல நாகவல்லி!" ரேணுகாவின் குரல் உயர்ந்தது. "ஒரே வீட்டுல இருக்கறவங்க பாஷையில நாலு வார்த்தை பேசினா அவர் கொறைஞ்சு போயிடுவாரா? அவரைத் தமிழ் கத்துக்கச் சொல்லுங்க!"

"ஐயோ, அவர திட்டாதீங்க மிஸ். அவரு வேணும்னு பண்றதில்ல." நாகவல்லி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். நான் ஒண்ணு கேக்கணும், அதுக்கு அவரு ஒண்ணு சொல்லணும். அவ்ளோதான். மிஷின்ல குந்தினா பூரா நேரமும் அதே நெனப்புதான். பக்கத்து ஊட்ல பேச்சு சத்தம் கேட்டா நான் கதவச் சாத்திடறேன்."

ரேணுகாவுக்கு மேற்கொண்டு திட்ட மனம் வரவில்லை. சாக்பீஸை எடுத்தாள்.

"சரி, என்ன கேக்கணும்?"

"சாப்ட்டியான்னு."

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறதும் இங்கிலீஷ்ல அதேதான். 'யூ ஏட்'னு ஆரம்பிச்சா அது கேள்வி இல்ல. 'டிட்' முதல்ல வரும். அப்புறம் எழுவாய், அப்புறம் வினை. 'டிட்' வந்துட்டா 'ஏட்' கிடையாது, 'ஈட்'. டிட் யூ ஈட்?"

"டிட் யூ ஈட்..." நாகவல்லி கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துப் பரபரத்தாள். "வரேன் மிஸ். ஆவடில ஒரு வேலையா போயிட்டு, தொர ஸ்டேஷன்ல வந்து எறங்கிட்டாராம்."

"இருங்க, நானும் வரேன்." ரேணுகா அறையைப் பூட்டினாள். அந்தத் துரையிடம் நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வழி நெடுக நாகவல்லி அந்த மூன்று வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

பிளாட்பாரத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் பெஞ்சை விட்டு எழுந்து வந்து கும்பிட்டார். "வணக்கம் மேடம். நான் டில்லிபாபு. நாகவல்லி ஊட்டுக்காரன்."

ரேணுகா பதிலுக்கு வணக்கம் சொல்லவில்லை. "பொண்டாட்டிகிட்ட தமிழ்ல பேசினா உங்களுக்கு என்ன சார் கொறைஞ்சு போச்சு?"

டில்லிபாபு திகைத்துப் போனார். "நான் தமிழ்லதான மேடம் பேசறேன்? எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடறதோட சரி."

"அப்போ அந்தத் தொர?"

அவருக்கு மெல்லப் புரிந்தது. சற்று விலகி நின்றார். பின்னால், பெஞ்சின் ஓரத்தில், இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு, தண்டவாளத்தையே பார்த்தபடி ஐந்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"கிஷோர், எங்க பையன். போன்ல கேட்ட இங்கிலீஷ் தவிர அவன் வாயில வேற ஒண்ணும் வர்றதில்ல மேடம். அம்மான்னுகூட கூப்ட்டதில்ல. அவன் நம்ம பாஷைக்கு வர்ற வரிக்கும் நீங்க அவன் பாஷைக்குப் போங்கன்னு பேச்சு டாக்டரு சொல்லிட்டாரு."

நாகவல்லி அதற்குள் பிளாட்பாரத்துத் தரையிலேயே மண்டியிட்டிருந்தாள். மகனைத் தொடவில்லை. "டிட் யூ ஈட்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பையன் திரும்பவில்லை. அவள் அப்படியே காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து, தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏட் இட்லி" என்றான்.

நாகவல்லி எழுந்திருக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தி ரேணுகாவைப் பார்த்தாள். "மிஸ்... இது நான் கேட்டதுக்குச் சொன்ன பதில்தான மிஸ்?"