இடுப்பில் கட்டிய முகம்

“ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் உங்க மூஞ்சியை இடுப்புல சுத்திக்கிட்டு அலையறாங்க. நானும் உங்க மேலயே உட்காரணுமா?”

“அது விடுதலைத் துணி, எஃபுவா.”

“எனக்கு வீட்டுல இருக்கிற மூஞ்சியே போதும்.”

மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில் வெள்ளைக்காரக் கொடி இறங்கிய வருடம் மனைவி அப்படிச் சிரித்தது ஒபெங்குக்கு இன்னும் நினைவிருக்கிறது. கட்சிக்காரர்கள் அவர் முகத்தை அச்சிட்டுத் துணி விற்றார்கள். மந்திரியாகி அவர் பேசிய திடல்களிலெல்லாம் பெண்களின் இடுப்புகளில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் எஃபுவாவின் இடுப்பைத்தான் பார்ப்பார். எப்போதும் பூப்போட்ட துணிதான். கட்டிக்கொள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லிக் கட்டினால் அவளும் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட மாட்டாளா?

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, அந்தத் துணியைக் கட்டுபவர்களைக் கைது செய்துகொண்டிருந்தார்கள். இன்று சந்தையில் ஒரு மீன்காரி அதைக் கிழித்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் இருந்த அவருடைய ஒரு கண்ணில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

“என்ன, மேடையைத் தேடறீங்களா?” என்றாள் எஃபுவா, வாழைக்காயை உரித்தபடி.

அவர் ஜன்னலைச் சாத்தினார். கொடி இறங்கிய வருடமே அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த விடுதலைத் துணியைப் பெட்டியின் அடியிலிருந்து உருவினார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

“ஒரே ஒரு தடவை,” என்றார். “எனக்காக இதைக் கட்டிக்கிறியா?”