வெடிக்கும் எழுத்துகள்

முதல் ஷிப்ட் விட்டு அரை மணி நேரம் ஆகிறது. நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்த இன்னாசிராஜ், மந்தாரக்குப்பம் கடையில் இரண்டு டிவி கேம் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். ஒன்றில் துப்பாக்கி, மற்றதில் கீபோர்டு. பக்கத்தில் நிற்கும் மகள் ஆனிக்குத் திங்கட்கிழமை எல்கேஜி இன்டர்வியூ. "இது படிப்பு சொல்லிக் குடுக்கும் சார்," என்று கடைக்காரர் கீபோர்டை டிவியில் மாட்டுகிறார். திரையின் மேலிருந்து ஓர் ஆங்கில எழுத்து இறங்குகிறது. கீபோர்டில் அதே எழுத்தை கடைக்காரர் அமுக்கியதும் அது வெடித்துச் சிதறுகிறது. "இப்ப நீ அமுக்கு பாப்பா." அடுத்து 'பி' இறங்குகிறது. ஆனியின் விரல் நேராக 'பி'யின் மேல் போய் நிற்கிறது, அமுக்கவில்லை. 'பி' பத்திரமாகத் தரையிறங்குகிறது. "பாப்பாவுக்கு எழுத்து தெரியல போல சார்." விரல் போன இடம் சரிதான், பிறகு ஏன் அமுக்கவில்லை? இன்னாசிராஜுக்குக் குழம்புகிறது. "அமுக்கும்மா," என்று குனிகிறார். ஆனி திரையையே பார்த்துக்கொண்டு கேட்கிறாள்: "அமுக்குனா அதுக்கு வலிக்காதாப்பா?"