ஸ்டெஃபியின் சந்தேகம்

ஏரியூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மகிழ்ச்சியைப் பற்றி அறிவியல் பாடம் நடக்கிறது. சன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்க, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததை நினைத்துச் சிரிக்கிறார்கள். சுகுணா டீச்சர் ஒவ்வொரு நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, "பாத்தீங்களா, சந்தோஷம் வந்தா இதயம் வேகமா அடிக்குது" என்கிறாள். ஒருவன் தேர்த் திருவிழாவை நினைத்தானாம், ஒருத்தி நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டியை. கடைசியாக ஸ்டெஃபி வருகிறாள், பித்தான் அறுந்த சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி. அவள் நெஞ்சு நிதானமாக அடிக்கிறது. "ஒண்ணும் நெனைக்கலியா கண்ணு?" என்று கேட்கிறாள் சுகுணா.

"டீச்சர், ராத்திரி எங்கப்பா குடிச்சுட்டு வந்து கதவ ஒதச்சா எனக்கும் இப்பிடித்தானுங்க வேகமா அடிக்குது. அதும் சந்தோஷந்தானுங்களா?"

கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். வகுப்பில் சிரிப்பு ஓய்கிறது. "எங்க வூட்லயும் அப்பிடித்தானுங்க டீச்சர்" என்கிறான் பின்னால் ஒருவன். சுகுணா காதில் மாட்டியதை இன்னும் கழற்றவில்லை. அவள் கைக்கு அடியில் அந்தச் சின்ன நெஞ்சு, அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கே, வேகமாக அடிக்க ஆரம்பித்திருக்கிறது.