இரண்டு பல் தள்ளி

“யாருங்க இதை மாட்டினது?”

பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருந்த பட்டறைக்காரரின் குரல் மட்டும் வெளியே வந்தது.

“என் மச்சான். என் பொண்டாட்டியோட அண்ணன். ஏன்?” என்றான் டிரைவர்.

“உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது பழைய பகையா?”

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக அவன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும்.

வண்டியின் ஷாஃப்ட்டில் கிராஸ் என்ற மூட்டு தேய்ந்துபோய் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது. சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மச்சான்தான் கழற்றி, புதுக் கிராஸ் போட்டு மாட்டிக் கொடுத்தான். சத்தம் நின்றது. உதறல் ஆரம்பித்தது. வேகம் ஐம்பதைத் தாண்டினால் காலடித் தகடு நடுங்கும். அறுபதில் கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெரியாது. காய்கறிக் கூடைகளோடு சந்தைக்கு முதல் ஆளாகப் போய் நின்றவன், எல்லாரும் இறக்கி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தான். ‘எண்பது’ என்று பட்டப்பெயர் வாங்கியவனை இப்போது ‘மாட்டுவண்டி’ என்கிறார்கள்.

வாரா வாரம் கிரீஸ் வைக்க மச்சான் வண்டியை வரவழைப்பான். அப்படிப் போனபோது மூன்று முறை உதறலைப் பற்றிக் கேட்டான். மூன்று முறையும் ஒரே பதில். “பழைய வண்டி மாப்ளே. ஐம்பதுக்குள்ள ஓட்டு.”

அதனால்தான் இன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்திருந்தான்.

“குனிஞ்சு பாருங்க” என்று பட்டறைக்காரர் டார்ச் அடித்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக் குழாய் தெரிந்தது. “ஷாஃப்ட் ரெண்டு துண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லோட பல் பொருந்தி நிக்கும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் உளியால ஒரு புள்ளி வைப்போம். திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேரா வரணும். உங்க மச்சான் புள்ளி வெச்சிருக்காரு. அழகா, ஆழமா. ஆனா ரெண்டு பல் தள்ளி மாட்டியிருக்காரு. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான்.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நேராக மச்சானின் பட்டறை வாசலில் போய் நிறுத்தினான்.

உள்ளே ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதன் டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டெம்போக்காரரும் காத்திருந்தார்.

“மச்சான், உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல தொழிலே தெரியாதா?”

மச்சான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “என்ன மாப்ளே?”

“புள்ளி ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். நீ தப்பா மாட்டிட்டு, பழைய வண்டின்னு என் தலையில கட்டினியே. வாரா வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு கிரீஸ் வெச்சியே, அப்பவாவது கண்ணுல படலையா?”

வேன் டிரைவர் டீ கிளாஸை வாயருகே அப்படியே நிறுத்தினார்.

“கழட்டிச் சரியா மாட்டியாச்சா?” என்று கேட்டான் மச்சான்.

“மாட்டியாச்சு.”

“இங்க எவ்வளவுல வந்தே?”

“எண்பதுல. நல்ல மெக்கானிக் கை பட்டா வண்டி ஓடுது பாரு.”

மச்சான் துணியை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தான்.

“கேக்கறேன்ல. நீ பண்ணினது தப்பா, இல்லையா?”

“தப்புதான் மாப்ளே.”

வேன் டிரைவர் எழுந்துவிட்டார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் புள்ளைங்க வர்ற வண்டி. நான் இன்னொரு நாள் வரேன்.”

“இன்னும் பிரிக்கலை. எடுத்துட்டுப் போங்க” என்று மச்சான் சாவியை நீட்டினான்.

வேன் போனது. டெம்போக்காரரும் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் கிளம்பினார். பட்டறை காலியானது.

டிரைவருக்கு வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கை பாதியில் நின்றது.

“அண்ணன் தப்புதான்னு ஒத்துக்கிட்டாரா?”

“பின்னே? எல்லார் முன்னாடியும்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்ல என்ன இருக்கு?”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு லாரிக்கு அடியில போகப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? நானும் பாப்பாவும் முன்சீட்டுல இருந்தோம். மெதுவாப் போங்கன்னு கத்தினேன். நீங்க சிரிச்சீங்க.”

“இப்ப எதுக்கு அந்தக் கதை?”

“அந்த வாரம்தான் கிராஸ் போடணும்னு வண்டியை அண்ணன்கிட்ட விட்டீங்க. நான் போய் அழுதேன். வண்டி வேகமாப் போகாதபடி ஏதாவது பண்ணிக் கொடுன்னு. செய்யக் கூடாத வேலைன்னாரு. ரெண்டு நாள் முடியவே முடியாதுன்னாரு. அப்புறம், வாரா வாரம் வண்டியை வரவழைச்சு அடியில படுத்துப் பார்த்துக்கறேன்னு சொல்லித்தான் சம்மதிச்சாரு.”

அவன் வண்டிச் சாவியைக் கட்டிலில் வைத்தான்.

“அதை அவன் அங்கேயே சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்குப் பயந்து, என் பேரைச் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தேன்” என்றாள் அவள். “வந்தவங்க எழுந்து போனப்பக்கூடவா அண்ணன் சொல்லலை?”