மறு எண்ணிக்கை

ஜெர்மனியில் குடியரசு தள்ளாடிக்கொண்டிருந்த வருடம் அது. மலையடிவாரக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டை போட்ட கசாப்புக்கடைக்காரர் க்ரூபர் முடிவை உரக்க வாசித்தார். அவருடைய கட்சிக்கு இருநூற்றுப் பதினொன்று. சோஷலிஸ்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை.

தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருந்த ஆசிரியர் எவால்டு சட்டென்று நிமிர்ந்தார். காலையில் முதல் ஆளாகப் போய் அவர் ஓட்டுப் போட்டது சோஷலிஸ்டுகளுக்குத்தான்.

"இன்னொரு தடவை எண்ணிடலாமே" என்றார்.

க்ரூபர் சிரித்தார். "ஏன் வாத்தியாரே, ஏதாவது குறையுதா? யாரோட ஓட்டுன்னு சொல்லுங்க, தேடிப் பாத்துடுவோம்."

வாசலில் நின்றிருந்த நான்கு பழுப்புச் சட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லல்ல, வழக்கமா கேக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு எவால்டு முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளை அடுத்த நாற்காலிக்கு நகர்த்தினார். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஓட்டிலி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் எண்ண வந்தவள்தான். சோஷலிஸ்டுகளுக்கு எதிரே இருந்த பூஜ்யத்தையே அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காணாமல் போனது தன் ஓட்டு மட்டுமல்ல என்று எவால்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார்.

ஓட்டிலி பேனாவைத் தொடவில்லை.

"வாத்தியார் சொன்னது சரி. மறுபடி எண்ணுங்க. என்னோடதக் காணோம்" என்றாள்.

க்ரூபரின் சிரிப்பு நின்றது. வாசலில் இருந்த நால்வரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். எவால்டு தன் கையெழுத்தைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.