எபனேசரின் பங்கு

குற்றாலத்தில் எபனேசர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள் ஜெஸி. ஞாயிறும் வந்தது. தென்காசியில் நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு வீரனாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்துகிறவள் ஜெஸிதான்.

டிராகன் செத்ததும் புதையலைப் பிரித்தாள். புவனேஷுக்கு மந்திர வாள், தோழி கிருபாவுக்கு வைரக் கிரீடம்.

"எனக்கு?" என்றான் எபனேசர்.

"உனக்கு ஒண்ணும் கிடையாது."

அவனுக்கு மனசு விட்டுப்போனது. இதுதான் பதிலா?

"டிராகனைக் கொன்னதே அவந்தாம்ட்டி! நீ கதை நடத்துதேன்னா இஷ்டத்துக்குப் பண்ணுவியா?" என்று எகிறினான் புவனேஷ்.

"என் இஷ்டம் இல்லலே, நீங்க எழுதுன விதி. கிருபா, அஞ்சாவதை வாசி."

கிருபா நோட்டைப் புரட்டி வாசித்தாள். "கதை நடத்துகிறவர் தன் வீட்டு ஆளுக்குப் புதையல் தரக் கூடாது."

ஜெஸி தலையைக் குனிந்துகொண்டு பகடையை உருட்டினாள்.

எபனேசருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"விடுலே புவனேஷு, எனக்குத்தாம்லே பெரிய பங்கு!"