பனி அள்ளும் பந்தயம்

தோற்பவர் மார்ச் வரை வாசல் பனியை அள்ள வேண்டும். அதுதான் பந்தயம். ஆட்டம், டிவியில் வீடியோ கேம் டென்னிஸ். கையில் எதையும் பிடிக்க வேண்டாம்; கை வீசினால் கேமரா அதைப் பார்த்துத் திரையில் மட்டையை வீசும். இல்வாவுக்கு இன்னும் ஒரே புள்ளி போதும்.

கணவன் டோர்கெல் அவள் கவனத்தைக் கலைக்கப் பார்த்தான்.

"உங்கம்மா செஞ்ச கறி உருண்டை கல்லு மாதிரி இருந்துச்சு."

"பேச்சுக் கொடுக்காதடா!"

"நாய்கூட மோந்துட்டுப் போயிருச்சு."

பந்து வருவதைக்கூடப் பார்க்காமல் இல்வா பொரிந்து தள்ளினாள். "பதினோரு உருண்டை முழுங்கினது யாரு, நாயா?"

திரையில் அவள் மட்டை சுழன்றது. பந்து அவனைத் தாண்டிப் பறந்தது. வென்றுவிட்டாள்!

"நான் திட்டத்தானே செஞ்சேன்?"

இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கைகளால்தான் பேசுவார்கள். அவள் வசவை கேமரா நல்ல அடியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

"இன்னொரு ஆட்டம்?" டோர்கெலின் கைகள் கெஞ்சின.

"வா. திட்டறதுக்கு இன்னும் நிறைய இருக்கு."